விடையைச் சொல்லிவிட்ட ஸ்டூடியோக்காரர்

பயப்படுவதற்கென்றே ஒரு மனிதர் பிறந்து வந்தார் என்றால் அது அந்த ஸ்டூடியோக்காரர்தான். லிஃப்டில் ஏறப் பயம். ஏறிய பிறகு நடுவில் நின்றுவிடுமோ என்று பயம். நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால், இறங்கும்போது அறுந்துவிடுமோ என்று பயம். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் இழுப்பார். மச்சினன் அவருக்கு வைத்த பெயர் தொடைநடுங்கி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவான், இவரும் சிரித்துக்கொள்வார். உள்ளதைத்தானே சொல்கிறான், என்ன செய்ய?

அவருடைய ஸ்டூடியோ பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நீலத் திரை, முக்காலி, குடை கவிழ்த்த இரண்டு விளக்கு, நூலில் சீப்பு கட்டித் தொங்கவிட்ட ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சொத்து. வருகிறவர்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குத்தான் வருவார்கள். படத்தைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர், கேமரா சரியில்லை, என் முகம் இப்படியா இருக்கு என்று சண்டைக்கு நிற்பார்கள். இவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுத்துவிட்டு, தொங்கும் தாடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வேறு பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். இப்பதான் கேமரா சரியா இருக்கு என்று வாங்கிக்கொண்டு போவார்கள். கேமரா என்ன செய்யும் பாவம், இருப்பதைத்தானே காட்டும் என்று அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் பயமாயிற்றே.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி கணக்கு டீச்சர். அந்த அம்மா பரீட்சை ஹாலுக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும். பெற்ற மகளே ஒரு வருஷம் அதே ஹாலில் உட்கார்ந்து, ஒரு கணக்குக்கு வழி தெரியாமல் அம்மாவை ஏக்கமாகப் பார்த்திருக்கிறாள். டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மகள் இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். இன்றைக்கும் போனில் சண்டை வந்தால் அந்தக் கணக்கைத்தான் முதலில் எடுப்பாள். பரீட்சை நடக்கும்போது விடையைச் சொல்லிக் கொடுக்கிறவள் டீச்சரே இல்லை என்பது அந்த அம்மாவின் கொள்கை. லேசுப்பட்ட கொள்கை இல்லை, உயிரே போனாலும் விடாத கொள்கை. அது நிஜமாகவே உயிர் வரைக்கும் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சில வருஷமாகவே டீச்சருக்கு உடம்பு மாறிக்கொண்டு வந்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தது. முகம் உருண்டு கன்னம் சிவந்தது. மேசை முனையில் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். வயிற்றில் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தன. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பிரஷர் ஏறியது, சுகர் ஏறியது, கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தன. போகாத டாக்டர் இல்லை. பிரஷருக்கு ஒருவர் மாத்திரை கொடுத்தார், சுகருக்கு இன்னொருவர் கொடுத்தார், மனசைத் தளரவிடாதீங்க என்று வேறொருவர் கொடுத்தார். எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது, சாப்பாட்டைக் குறைங்க, நடங்க. டீச்சர் பாதிப் பட்டினி கிடந்து செருப்புத் தேய நடந்தார். முகம் இன்னும் உருண்டது. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

ஸ்டூடியோக்காரர் தன்னால் ஆனதைச் செய்தார். வருஷா வருஷம் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு மனைவியைப் படம் எடுக்கும்போது, கன்னத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவார். பாவம், அட்டையைக் கழுத்தில் மாட்டும்போதாவது சந்தோஷப்படட்டும் என்ற நினைப்பு.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் வியாதி பார்க்கும் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். டீச்சர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்ததை அவர் பார்த்தார். பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாங்க என்றார். ஸ்டூடியோக்காரர் பெருமையாக அடையாள அட்டைப் படங்களை எடுத்து நீட்டினார். முகம் இத்தனை வருஷத்தில் மாறவே இல்லையே என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். இவருக்கு முழி பிதுங்கியது. கடைக்கு ஓடிப்போய், கை வைக்காத அசல் படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார். அப்போதுதான் அவரே முதல் தடவையாகப் பார்த்தார். யாரோ ஒரு பொம்பளை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவருடைய மனைவி இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் முகம் பார்த்துப் பிழைக்கிறவன், சொந்தப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று அவருக்கு உறைத்தது.

டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து விளக்கினார். ஒவ்வொரு சிறுநீரகத்துக்கு மேலேயும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறது. டீச்சருக்கு இடது பக்கச் சுரப்பியில் ஒரு கட்டி வந்து, கேட்பாரில்லாமல் கார்டிசாலைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. முதுகுப் பக்கமாக ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் வீட்டில் ஒருத்தரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால் மற்றவர் கை சும்மா இருந்தே பழகிவிடும் இல்லையா, அதே மாதிரி வலது பக்கச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிப்போயிருந்தது. அது விழிக்க மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் கார்டிசாலுக்குப் பதில் ஸ்டீராய்டு மாத்திரை. முன்னால் அதிகமாக இருந்து ஆளைத் தின்ற அதே சரக்கு, இனிமேல் இல்லாமல் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். ஒரு வேளை மாத்திரையும் தப்பக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் உடனே ஊசி. இல்லையென்றால் பிரஷர் இறங்கும், ஆள் சோர்ந்து மயங்கி, அப்படியே போய்விடலாம்.

இதைக் கேட்டபோது ஸ்டூடியோக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றைக்கு ஆரம்பித்தது, அதன் பிறகு நிற்கவே இல்லை. டீச்சர் கையில் போட ஒரு எஃகு வளையம் கொடுத்தார்கள். இவர் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி இருப்பவர், மயங்கினால் உடனே ஊசி போடவும் என்று அதில் பொறித்திருந்தது. அவசர ஊசி வைத்த ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார்கள். நர்ஸ் ஒரு பஞ்சுத் தலையணையைக் காட்டி ஊசி குத்தப் பழகச் சொன்னார். டீச்சர் ஒரே குத்தில் கற்றுக்கொண்டார். இவருக்குக் கை உதறிய உதறலில் ஊசி வளைந்தது. தலையணைக்கே இப்படியா சார் என்று நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு இவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் அயர்ந்து தூங்க, கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்று ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார். டீச்சர் கண் விழித்தபோது படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் நிற்கிறது, வாசலில் தெருவே நிற்கிறது. இன்னொரு நாள் மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருக்கிறதே என்று அலறினார். அந்த அம்மா அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தார். விடுங்க கையை என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். போனை எடுக்கவில்லை என்று ஒரு நாள் வகுப்புக்குள்ளேயே ஊசிப் பெட்டியோடு ஓடிப்போய் நின்றார் பாருங்கள், அதுதான் உச்சம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டீச்சர், மகள் மேல் சத்தியம் வாங்கினார். அவராகக் கூப்பிடாமல் இவர் இனிமேல் எந்தக் கதவையும் திறந்துகொண்டு உள்ளே வரக் கூடாது.

இந்த நிலையில்தான் ஹார்மோன் டாக்டரம்மா ஒரு உதவி கேட்டார். சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களை வரவழைத்து, கார்டிசால் அதிகமாகிற வியாதியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பயிற்சி கொடுக்கிறார்கள். முதல் நாள் பாடம், மறுநாள் பரீட்சை. பரீட்சையில் நிஜ நோயாளியை உட்கார வைப்பார்கள். டாக்டர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேள்வி கேட்டு, உடம்பைப் பார்த்து, என்ன வியாதி, எவ்வளவு முற்றியிருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று எழுத வேண்டும். டீச்சரின் முகத்திலும் வயிற்றிலும் வியாதியின் அடையாளம் இன்னும் மறையவில்லை. வர முடியுமா என்று கேட்டார்.

ஸ்டூடியோக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டுவதற்குள் டீச்சர் சரியென்று சொல்லிவிட்டார். என்னை நடக்கச் சொன்னவங்கள்ல ஒருத்தராவது அங்க வந்திருப்பாங்க, நல்லா பாத்துட்டுப் போகட்டும், இனி இன்னொருத்தியைச் செருப்புத் தேய விட மாட்டாங்க என்பது அவருடைய கணக்கு. டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். வியாதியின் பெயரையோ ஆபரேஷன் நடந்ததையோ சொல்லக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்தாரோ அப்படியே பதில் சொல்ல வேண்டும், அப்போது சாப்பிட்ட மாத்திரைகளைத்தான் சொல்ல வேண்டும். பரீட்சை விதியைப் பற்றி எனக்கா சொல்றீங்க என்று டீச்சர் சிரித்தார்.

அன்றைக்குக் காலையில் இரண்டு பேருக்குமே வயிறு சரியில்லை. முந்தின நாள் கடையில் வாங்கிய சாப்பாடு காரணமாக இருக்கலாம். ஆனால் ஸ்டூடியோக்காரருக்குப் பயம் வந்தால் வயிறு கலக்குவது ஊரறிந்த விஷயம், ஆகையால் தன் வயிற்றை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டீச்சர் வாந்தி எடுத்ததும் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உங்க பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல என்று டீச்சர் வாயைக் கொப்பளித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அது தங்கியது. ஆட்டோவில் போகும்போதும் தங்கியதாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் டீச்சர் நேரே பாத்ரூமுக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். என்னம்மா என்று இவர் கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, சத்தியம் ஞாபகம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

பரீட்சை நடக்கும் அறைக்கு வெளியே மணியும் கையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பயிற்சிக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கிறவர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரம் முடிந்தால் மணியடிப்பது அவர் வேலை. டீச்சரை மேலும் கீழும் பார்த்தவர் வளையத்தைக் கண்டதும் பதறிப்போனார். இதில் விடையே எழுதியிருக்கிறதே, கையைப் பிடித்ததும் படித்துவிடுவார்களே என்றார். உள்ளே இருந்த டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, கழட்டி வைக்கச் சொல்கிறார் என்றார். டீச்சருக்கும் அது நியாயமாகவே பட்டது. பரீட்சை ஹாலுக்குள் விடைத்தாளைக் கையில் கட்டிக்கொண்டா போவார்கள்? கழற்றிக் கணவனிடம் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊசிப் பெட்டியும் அவர் கையில்தான் இருந்தது. கதவைச் சாத்தினார்கள்.

டாக்டரம்மா பக்கத்து ஹாலில் இன்னொரு கூட்டத்துக்கு ஸ்கேன் படங்களைக் காட்டப் போய்விட்டார். இவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் தானாக ஆடியது. மணிக்காரர் அதைப் பார்த்து, ஒண்ணும் ஆகாது சார், டாக்டருங்க நடுவுல இருக்காங்க, இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று ஆறுதல் சொன்னார். அதுவும் சரிதான் என்று இவர் தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். அதட்டலுக்கு மனசு அடங்கினால்தானே?

முதல் கூட்டம் வெளியே வந்தது. எல்லார் முகத்திலும் களை. பாடத்தில் படித்த அடையாளம் ஒன்று விடாமல் இருக்கிறது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். ஆள் கொஞ்சம் மந்தமாகப் பேசுகிறார் என்றார் ஒருவர். மனச்சோர்வும் இந்த வியாதியில் வரும், எழுதிக்கோ என்றார் கூட வந்தவர். ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மந்தமாகவா? அவர் மனைவியா? அந்த அம்மா பேசினால் எதிரில் இருக்கிறவன்தான் மந்தமாவான். அதற்குள் அந்தக் கூட்டத்திலிருந்து குட்டை முடி வெட்டியிருந்த ஒரு டாக்டரம்மா மணிக்காரரிடம் வந்து, உள்ளே இருக்கும் பிரஷர் மெஷின் சரியில்லை, வேறு வையுங்கள் என்று சொன்னார். மணிக்காரர் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வைத்தார். அவர் கதவைத் திறந்த இடைவெளியில் இவர் எட்டிப் பார்த்தார். டீச்சர் உட்கார்ந்திருக்கவில்லை, படுத்திருந்தார். வயிற்றைப் பார்ப்பதற்காகப் படுக்க வைத்திருப்பார்கள் என்று நினைக்கப் பார்த்தார். 

மணி அடித்தது. இரண்டாவது கூட்டம் உள்ளே போனது. குட்டை முடி டாக்டரம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, புது மெஷினில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று அவர்களோடு மறுபடியும் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார், இந்த மெஷினும் கோளாறு. இன்னொண்ணு இருக்கா?"

ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றார். எழுந்தது அவருக்கே தெரியாது. எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். உறவுக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்றார் டாக்டரம்மா. கூடவா, கம்மியா, அதை மட்டுமாவது சொல்லுங்கம்மா என்று கும்பிட்டார். அவர் நின்ற நிலையைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"ரொம்பக் கம்மியா காட்டுது. பயப்படாதீங்க, இவங்களுக்கு இருக்கிற வியாதிக்குப் பிரஷர் அவ்வளவு கம்மியா இருக்கவே முடியாது. நான்கூட எவ்வளவு இருக்கணுமோ அதைத்தான் எழுதிக் குடுத்தேன். மெஷின்தான் சரியில்ல."

கேமரா சரியில்லை. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட வாசகம் அல்லவா? எத்தனை பேர் அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் எத்தனை கன்னத்தை உள்ளே தள்ளிக் கொடுத்திருக்கிறார். இரண்டு மெஷின் ஒரே மாதிரி காட்டுகிறது. காலையில் வாந்தி. குழாய்ச் சத்தம். மந்தமான பேச்சு. 

கதவு நாலடியில்தான் இருந்தது. அதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு யாருக்கும் வர வேண்டாம். ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது, பிள்ளைகள் சிரித்தது ஞாபகம் வந்தது. இந்தத் தடவையும் ஒன்றுமில்லை என்றால், இத்தனை டாக்டர்களுக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தால், அவள் மன்னிக்கவே மாட்டாள். மகள் மேல் செய்த சத்தியம் வேறு. அவருடைய பயம் இதுவரைக்கும் ஒரு தடவையாவது பலித்ததுண்டா? இல்லை. அப்படியென்றால் இதுவும் பொய்தானே? பொய்யாக இல்லாமல் போனால்? மணிக்காரர் அவருடைய மார்பில் கையை வைத்து, உள்ளே விட முடியாது சார் என்றார். ஜென்மத்தில் ஒருத்தர் மேல் கை வைத்து அறியாத ஸ்டூடியோக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கட்டிலைச் சுற்றி டாக்டர்கள் நின்றார்கள். ஒருவர் வயிற்றின் ஊதாக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார், இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சரின் உதட்டில் ரத்தமே இல்லை. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பாதி மூடிய கண்ணால் கணவனைப் பார்த்துவிட்டார். அந்த நிலையிலும் புருவத்தைச் சுருக்கினார்.

"பரீட்சை நடக்குது," என்றார். நாக்கு குழறியது. "வெளிய போங்க."

"கேமரா சரியாத்தாங்க இருக்கு," என்றார் ஸ்டூடியோக்காரர். சொல்ல வந்தது வேறு, வாயில் வந்தது இது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இதுவும் பரீட்சையில் ஒரு பகுதியோ என்று ஒரு தடித்த டாக்டர் சிரிக்கக்கூடச் செய்தார். ஸ்டூடியோக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டு வளையத்தை எடுத்தார். அது பைத் துணியில் சிக்கிக்கொண்டது, பையைக் கிழித்துக்கொண்டு இழுத்தார். "இவளுக்குக் கட்டியை எடுத்தாச்சும்மா. எப்பவோ எடுத்தாச்சு. இப்ப இவ உடம்புல கார்டிசாலே கிடையாது, மாத்திரைதான். காலைல வாந்தி எடுத்தா. விடை இதுதான். எழுதிக்கங்க, என்னவோ பண்ணிக்கங்க, இவளைக் காப்பாத்துங்க."

பின்னாலேயே வந்திருந்த குட்டை முடி டாக்டரம்மா வளையத்தை வாங்கிப் படித்தார். பேயறைந்த மாதிரி ஒரு நொடி நின்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் நிற்கவில்லை. கால் பக்கம் கட்டிலை உயர்த்தினார்கள், கையில் நரம்பு தேடினார்கள், ஒருவர் பக்கத்து ஹாலுக்கு ஓடினார். ஊசி எங்கே என்று கத்தினார்கள். இவர் பெட்டியைத் திறந்தார். கை உதறிய உதறலில் மருந்துக் குப்பி நழுவிக் கீழே விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்த அந்தத் தடித்த டாக்டர் யோசிக்காமல் தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டித் துழாவி எடுத்தார். குப்பி உடையவில்லை. குட்டை முடி டாக்டரம்மா மருந்தைக் கலந்து டீச்சரின் தொடையில் ஏற்றினார். சலைன் ஓட ஆரம்பித்தது. ஸ்டூடியோக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மனைவியின் காலைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் நின்றார். கண் முன்னால் அந்தப் பழைய படங்கள் வரிசையாக வந்தன. அடுத்த படத்தில் முக்காலி மட்டும் இருந்தது.

ஹார்மோன் டாக்டரம்மா ஓடி வந்தார். வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, தானே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். ரொம்ப நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் பார்த்தார். ஏறுது என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு ஸ்டூடியோக்காரர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரஷர் நிலைக்கு வந்த பிறகு ஹார்மோன் டாக்டரம்மா, பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்தார். குட்டை முடி டாக்டரம்மா அழுதுகொண்டே, நான் மெஷினை நம்பல, பாடத்தை நம்பினேன் என்றார். வளையத்தைக் கழட்டச் சொன்னது நான், என் பரீட்சைக்காக இவங்க உயிரைப் பணயம் வச்சேன், முதல் தப்பு என்னோடது என்று ஹார்மோன் டாக்டரம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். அதிகம் சுரப்பதைப் பற்றியே நேற்று முழுக்கப் பேசினோம், சுரப்பது நின்ற பிறகு என்ன ஆகும் என்று பேச மத்தியானத்துக்கு ஒத்திவைத்திருந்தேன், மத்தியானம் இப்பவே வந்துடுச்சு என்றார். பிறகு ஒவ்வொருவராக வந்து பிரஷர் பார்த்து, என்ன காட்டுகிறதோ அதை மட்டும் எழுதச் சொன்னார். மணிக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

மத்தியானம் டீச்சர் தெளிவாகக் கண் விழித்தார். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். கிழிந்த பை மார்பில் தொங்கியது, கண் வீங்கியிருந்தது. நர்ஸ் இரண்டு தடவை வந்து, ஆபத்து தாண்டிடுச்சு சார், போய்ச் சாப்பிட்டு வாங்க என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"சத்தியத்தை மீறிட்டீங்க," என்றார் டீச்சர். "நடுப் பரீட்சையில விடைய வேற சொல்லிட்டீங்க."

ஆமாம் என்றார் இவர். திட்டட்டும், திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று இருந்தது. ஆனால் டீச்சர் திட்டவில்லை. நடந்ததை மெதுவாகச் சொன்னார். பாத்ரூமில் மாத்திரை முழுசாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தாராம். சொன்னால் இவர் பயந்துவிடுவார், பரீட்சை நின்றுபோகும் என்று குழாயைத் திறந்துவிட்டாராம். படுத்த பிறகு ஒரு கட்டத்தில் டாக்டர்களிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாராம். விடையைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாராம். அப்புறம் நினைத்தாலும் வாய் வரவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் இவர் அதுவரைக்கும் கேட்டிராத ஒன்று இருந்தது. டீச்சர் பயந்துபோயிருந்தார்.

சலைன் ஏறாத கையை நீட்டி வளையத்தைக் கேட்டார். இவர் மாட்டிவிடப் பார்த்தார். விரல் நடுங்கிய நடுக்கத்தில் கொக்கி மாட்டுவேனா என்றது. டீச்சர் பொறுமையாகக் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் எப்படியோ மாட்டியது.

"நான் திட்டுவேன். அது என் வாய், அதை ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "நீங்க பயப்படறத மட்டும் விட்றாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, பழக்கத்தில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். இன்னமும் ஜில்லென்றுதான் இருந்தது. நர்ஸைக் கூப்பிட எழுந்தார். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கூப்பிடுங்க என்றார்.